ஓதலுக்கும் வாசிப்புக்கும் இடையே: புதுச்சேரியிலிருந்து அரபு நூல்களை நோக்கி

ஐன், லாம், மீம். இந்த மூன்று எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, மேலும் கீழும் எந்தக் குறியும் இடாமல், முல்லா வீதிப் பக்கம் மக்தபில் ஓதி வளர்ந்த ஒரு பையனிடம் நீட்டினால் அவன் தயங்குவான். ஆறேழு வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவன் அவன். ஜபர், ஜேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் இருக்கும்வரை ஒரு எழுத்தும் அவன் நாவில் சறுக்காது. குறிகளை எடுத்துவிட்டால் அதே மூன்றெழுத்து ‘இல்ம்’ என்று அறிவாகலாம். ‘அலம்’ என்று கொடியாகலாம். ‘அலிம’ என்றால் அறிந்தான். ‘அல்லம’ என்றால் கற்பித்தான். ‘உலிம’ என்றால் அறியப்பட்டது. எது சரி என்பதை அந்த வாக்கியத்தின் இலக்கணம்தான் சொல்ல வேண்டும்.

இஸ்லாமியச் சிந்தனையை முதுகலை, முனைவர் பட்ட அளவில் படிக்க நினைக்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்ளும் நிலைப்படி இதுதான். குர்ஆன் முழுக்கக் குறியோடு அச்சாகிறது. மற்ற பெருந்தொகை அப்படியல்ல. கஸ்ஸாலியின் நூலானாலும் இப்னு ருஷ்தின் நூலானாலும், பழைய கையெழுத்துப் படியானாலும், கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ 1888இல் ஐதராபாத்தில் தொடங்கிய தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்திலோ அச்சேறிய பதிப்பானாலும், பெரும்பாலும் உயிர்க்குறி இல்லாத மெய்யெழுத்து வரிசையாகவே பக்கம் கண்முன் விரியும். ஓதத் தெரிவது வேறு, இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு ஆண்டு உழைப்பு கிடக்கிறது.

புதுச்சேரியில் இருக்கும் ஒருவர் அந்த உழைப்பை எங்கே, யாரிடம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் அரபு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சுவடி வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்வது மட்டும் நடக்கவில்லை. நடந்தால், அரபு ஆய்வுக்குப் புறப்படும் ஒரு மாணவருக்கு இந்தியாவில் இதைவிட நல்ல ஊர் அதிகம் இருக்காது.

சுவடி என்றதும் சிலருக்குத் தொடர்பு விளங்காமல் போகலாம். ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. புள்ளி வைத்தால் ஓலை கிழியும். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் பழைய ஓலையில் தெரியாது. வாசிப்பவர்தான் சொல்லை அறிந்து, யாப்பை அறிந்து, புள்ளியை மனத்துக்குள் இட்டு வாசிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் செய்த வேலையின் பாதி இதுதான். குறியில்லாத அரபுப் பக்கத்தை எதிர்கொள்ளும் ஆலிம், அதாவது மார்க்கக் கல்வி முடித்தவர், செய்வதும் இதே வேலை. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்திலும், துமாஸ் வீதியில் உள்ள தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையத்திலும் இந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. துமாஸ் வீதி மையத்தில் நடந்த செவ்வியல் தமிழ் வாசிப்புக் கருத்தரங்குகளின் முறை எளிமையானது. ஒரு நூல், ஒரு பண்டிதர், சுற்றிலும் பல நாட்டு மாணவர்கள். ஒருவர் ஒரு வரியை வாசிக்கிறார், சொல் பிரிக்கிறார், பொருள் சொல்கிறார், மற்றவர்கள் மறுக்கிறார்கள். ஒரு பிற்பகலில் நாலைந்து பாட்டுதான் நகரும். மதரஸாவில் கிதாபு ஓதும் சபையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கேயும் மாணவர் இபாரத்தை, அதாவது மூல வாசகத்தை, வாசிக்க, உஸ்தாது நிறுத்தி, ‘இது ஏன் பேஷ்? ஏன் ஜபர் இல்லை?’ என்று கேட்கிறார். இரண்டு மேசைகளும் ஒரே நகரத்தில் நடக்கக்கூடிய தூரத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது எனக்கு மனவருத்தம் தரும் செய்தி.

இந்த ஊரில் ஏன் அரபுக் கல்விக்குப் பெரிய பீடம் ஒன்று அமையவில்லை என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கருநாடக நவாபு பதவிக்கு நடந்த போட்டியில் புதுச்சேரி சந்தா சாகிபின் பக்கம் நின்றது. அவர் குடும்பம் இங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தது. 1752இல் அவர் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலி வாலாஜா வென்றார். நவாபின் தர்பார் சென்னைக்குப் போயிற்று, ஆலிம்களும் அதன் பின்னால் போனார்கள். லக்னோவில் ஓர் ஐரோப்பிய வணிகருக்குச் சொந்தமாயிருந்ததால் ஃபிரங்கி மஹல் என்று பெயர்பெற்ற இல்லத்தில், முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் இன்று இந்தியா முழுக்க ‘தர்ஸே நிஜாமி’ என்று வழங்குகிறது. அவருடைய மகன் அப்துல் அலி, ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விக் கடல் என்று பெயர் பெற்றவர், வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து பாடம் நடத்தினார். 1810இல் இறந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். போர் வேறு விதமாக முடிந்திருந்தால் அந்தக் கடல் எங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு. புதுச்சேரிக்கு அந்நாளில் தேவைப்பட்ட இஸ்லாமிய உலக மொழி பாரசீகம்தான்; நவாபுகளுக்கும் நிஜாமுக்கும் கடிதம் எழுத அது வேண்டியிருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குப் பாரசீகக் கடிதங்களைக் கையாண்ட மதனாந்த பண்டிதரைத் தெரிந்திருக்கும். அரசு வேலைக்குரிய மொழியாக வந்த பாரசீகம் அரசோடு போயிற்று. காஜி வீதி, முல்லா வீதி என்ற பெயர்கள் நின்றன.

அரபின் வழி வேறு. அது தர்பாரை நம்பி வரவில்லை. கடல் வழியே வந்தது. புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர். அதற்கும் தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம். இந்தக் கரையில் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப்பள்ளியைப் பின்பற்றிய மரைக்காயர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டினார்கள். அர்வி என்றும் அரபுத் தமிழ் என்றும் சொல்லப்படும் அந்த எழுத்தில் சட்டநூல், தொழுகை விளக்கம், மருத்துவம், மாலைப்பாட்டு எல்லாம் வந்தன. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபியில் கவிதை இயற்றியவர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும் அர்வியிலும் எழுதியவர். சட்டம் பற்றிய அவருடைய ‘ஃபத்ஹுத் தய்யான்’ அர்வியில் அமைந்தது. உமறுப் புலவருக்குச் சீறாப்புராணத்துக்கான அரபு மூலச் செய்திகளை ஆலிம்கள் எடுத்துச் சொல்ல, அவர் தமிழில் பாடினார் என்பது மரபு. அந்தக் கதையில் பரங்கிப்பேட்டைக்கு ஓர் இடம் உண்டு. அவ்வூர் அபுல் காசிம் மரைக்காயரின் பெயர் காப்பியத்துக்குள்ளேயே வருகிறது. ஒருவர் அரபை வாசிக்க, ஒருவர் தமிழாக்க, ஒருவர் செலவைத் தாங்கினார். நான் மேலே சொன்ன மேசை இக்கரைக்குப் புதிதல்ல.

இனி மதரஸாவுக்கு வருவோம். ஆலிம் படிப்பு சுமார் ஏழு ஆண்டு. ஸர்ஃப் என்ற சொல்லியல், நஹ்வு என்ற தொடரியல், பிறகு ஃபிக்ஹு என்ற சட்டம், ஹதீஸ் என்ற நபிமொழி, தஃப்ஸீர் என்ற குர்ஆன் விளக்கம். ஆஜுரூமிய்யா போன்ற சிறு இலக்கண நூலில் தொடங்கி, இப்னு மாலிக் ஆயிரம் அடியில் யாத்த அல்ஃபிய்யாவரை போகும் இடங்களும் உண்டு. ஷாஃபிகள் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ ஓதுவார்கள். ஹனஃபிகளுக்கு வேறு நூல் வரிசை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் முடித்தவர் பாகவி, 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமில் முடித்தவர் உமரி, லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் முடித்தவர் மன்பஈ. பெயருக்குப் பின்னால் வரும் இந்த ஒட்டைப் பார்த்தாலே ஒருவர் எந்த நூல்களை யார் வழியில் ஓதியிருப்பார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஏழு ஆண்டு முழுக்க மூல நூலோடு வாழ்ந்த ஒருவருக்கு இருக்கும் மொழிப்பிடி, மேலைப் பல்கலைக்கழகங்களில் இரண்டு மூன்று ஆண்டு மொழிவகுப்பில் உட்கார்ந்த மாணவருக்கு எளிதில் வராது. இதை நம் ஆலிம்கள் தாங்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள். ‘நாங்க ஓதினது மட்டுந்தான், படிக்கல’ என்று ஸனது எனும் மதரஸாச் சான்றிதழ் வாங்கிய இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஓதியதும் படிப்புதான்.

அவர்களுக்கு எது இல்லை என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். நூலை அவர்கள் விளக்கவுரையோடு சேர்த்தே கற்கிறார்கள். உரை சொன்ன பொருளைத் தாண்டி, இந்நூல் எந்த நூற்றாண்டில் யாரை மறுக்க எழுதப்பட்டது, ஆசிரியர் எந்த நகரத்தில் எந்த அரசின் கீழ் இருந்தார், இதே சிக்கலுக்கு அவருக்கு முந்தியவர் வேறு விடை சொன்னாரா என்று கேட்கும் பழக்கம் அங்கே பாடமாக இல்லை. பல்கலைக்கழகம் அதைத்தான் முதல் நாளிலிருந்து கேட்கும். மதரஸாவின் கேள்வி ‘இந்த வாக்கியம் என்ன சொல்கிறது?’ பல்கலைக்கழகத்தின் கேள்வி ‘இந்த வாக்கியம் ஏன் அப்போது எழுதப்பட்டது?’ முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைக் கேட்கிறவர்கள் கல்விக்கூடங்களில் ஏராளம். அவர்களுடைய ஆய்வேடுகள் மொழிபெயர்ப்பின் மேல் கட்டிய வீடுகள். ஆகவே ஆலிம் ஒருவர் ஆய்வுக்கு வருவது கைகொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டிய காரியம்.

வழியில் முள் இருக்கிறது. மதரஸா ஸனது பொதுவாகப் பட்டமாகக் கொள்ளப்படுவதில்லை. அலிகரும் ஜாமியா மில்லியாவும் வேறு சிலவும் குறிப்பிட்ட மதரஸாக்களின் ஸனதை இளங்கலைச் சேர்க்கைக்கு ஏற்கின்றன. அலிகரில் மதரஸா மாணவர்களுக்கென்றே இணைப்புப் படிப்பு இருக்கிறது. மற்றவர்கள் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை எழுதி, இளங்கலையை முடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திவந்த அஃப்ஸலுல் உலமா தேர்வு பல தலைமுறை ஆலிம்களுக்கு ஆசிரியர் வேலை வாங்கித் தந்த ஏணி. இங்கிருந்து அரபு முதுகலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 1927இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக அரபு-பாரசீக-உருதுத் துறைக்கோ, சென்னைப் புதுக்கல்லூரிக்கோ, திருச்சி ஜமால் முகம்மது கல்லூரிக்கோ போவார்கள். கல்லூரிகள் இரண்டும் 1951இல் பிறந்தவை. இன்னும் தொலைவு போகத் துணிந்தால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத் மொழிகள் பல்கலைக்கழகம், மலப்புறம் பக்கத்து நிறுவனங்கள். கடல் தாண்டினால் இலங்கை பேருவளையில் 1973இல் நிறுவப்பட்ட ஜாமியா நளீமியா. மதரஸாக் கல்வியையும் பல்கலைக்கழகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் எடுத்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது அதுதான். தமிழ் வழியே இஸ்லாமியச் சிந்தனையை எழுதும் ஒரு தலைமுறையை அது உருவாக்கியிருக்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலைச் சேர்க்கைக்கு 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. நெட் தேர்வில் அரபு ஒரு பாடம், ‘அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும்’ வேறொரு பாடம். எதை எடுப்பது என்று பலர் கடைசி நேரத்தில் குழம்புகிறார்கள். நூல் வாசிப்பில் வலுவுள்ளவர் முன்னதையும், வரலாறும் சமூகமும் படித்தவர் பின்னதையும் எடுப்பதே நல்லது. மொத்தம் 300 மதிப்பெண்ணில் 100 பொதுத்தாளுக்கு. ஆலிம்கள் தடுமாறுவது அந்தப் பொதுத்தாளில்தான்; அரபுத் தாளில் அல்ல. ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்காவிட்டால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஐந்தாண்டு ஆய்வில் நிற்க முடியாது. சிறுபான்மையினருக்கென 2009இல் வந்த மவுலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது பல வீடுகளில் ஒரு கதவை அடைத்துவிட்டது. அதை மீண்டும் திறக்க வேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மாணவர்களோடு உட்காரும்போது நான் முதலில் எடுப்பது தாலுகா ஆபீஸ் தமிழ். அசல், நகல், வசூல், பாக்கி, ரத்து, வக்கீல், ஜாமீன், தாசில், மகசூல். எல்லாம் அரபுச் சொற்கள். பாரசீகம், உருது வழியே நம்மிடம் வந்தவை. தாசிலும் மகசூலும் ஒரே வேர்: ஹா, ஸாத், லாம். கிடைத்தல், சேர்தல் என்பது வேரின் பொருள். சேர்க்கும் செயல் ‘தஹ்ஸீல்’, சேர்ந்த பொருள் ‘மஹ்ஸூல்’. முன்னால் ‘த’ வந்து உள்ளே ‘ஈ’ நீண்டால் தொழில். முன்னால் ‘ம’ வந்து உள்ளே ‘ஊ’ நீண்டால் செயப்படுபொருள். இந்த அச்சைப் பிடித்துவிட்டால் ஆயிரம் சொல் வரும். பத்திரத்தில் ‘அசல்’ என்கிறோமே, அதன் பன்மைதான் ‘உஸூல்’. இஸ்லாமியச் சட்டவியலின் அடிப்படையை ஆராயும் கலைக்கு ‘உஸூலுல் ஃபிக்ஹு’ என்று பெயர். பத்திர எழுத்தர் சொல்லும் அதே சொல்லைத்தான் கஸ்ஸாலியும் விவாதிக்கிறார் என்று தெரிந்ததும் மாணவரின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அகராதி. ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மானியர் தொகுத்த அகராதியின் ஆங்கில வடிவம் 1961இல் வந்தது. உலகெங்கும் மாணவர் மேசையில் கிடப்பது அது. வேர்ச்சொல் வரிசையில் அடுக்கிய அகராதியைத் தந்தவரின் பெயரும் வேர் என்பதால் தமிழ் மாணவர் மறப்பதில்லை. ‘முஸ்தக்பல்’ என்ற சொல்லை மீமில் தேடினால் கிடைக்காது. மு, ஸ், த மூன்றையும் உரித்து, காஃப், பா, லாம் என்ற வேருக்குப் போக வேண்டும். உரிக்கத் தெரிவதுதான் ஸர்ஃப். இங்கே தமிழ் எழுத்து நம்மைக் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. தொண்டையடியில் பிறக்கும் காஃபில் ‘கல்பு’ என்றால் இதயம்; நாவின் பின்பகுதியில் பிறக்கும் காஃபில் ‘கல்பு’ என்றால் நாய். தமிழில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்படும். ஆகவே ஆய்வுக் குறிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் எடுத்துவைத்தால் இரண்டு ஆண்டு கழித்து நம் எழுத்து நமக்கே புரியாது. அரபு எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும். பன்னாட்டு ஒலிபெயர்ப்பு முறை ஒன்றையும் கையோடு கற்றுக்கொள்ள வேண்டும். மின்னூலகமான ஷாமிலாவில் ஆயிரக்கணக்கான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தேட நல்லது. ஆனால் தேடிக் கிடைத்த வரியை அச்சுப் பதிப்பில் ஒத்துப் பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது.

பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெளிநாட்டில் முனைவர் படிப்புக்குப் போனால் அரபோடு ஆய்வு மொழியாகப் பிரெஞ்சோ ஜெர்மனோ வாசிக்கத் தெரிய வேண்டும் என்று பெரும்பாலான துறைகள் எதிர்பார்க்கின்றன. பிற ஊர் மாணவர்கள் அதற்காகக் கோடை வகுப்புகளுக்கு அலைகிறார்கள். இங்கே 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, 1889 முதல் அல்லியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பிரெஞ்சு ஆட்சிக்கால சைகோனுக்கு வணிகம் செய்யப் போனார்கள். அந்நகரின் மையத்தில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு இவர்களுக்குச் சம்பாத்தியத்துக்கும் பென்ஷனுக்கும் உதவிய மொழி. அதே மொழி ஆய்வுக்கும் உதவும் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எவ்வளவு உதவும் என்று பாருங்கள். பாரிசில் 1795இல் கீழை மொழிகள் பள்ளி தொடங்கியபோது அரபு கற்பித்தவர் சில்வெஸ்தர் தெ சாசி. ஐரோப்பிய அரபுக் கல்விக்கே அவர் ஆசான். அவருடைய மாணவர் கார்சன் தெ தாசி இந்தியாவுக்கு வராமலே இந்திய முஸ்லிம்களைப் பற்றியும் இந்துஸ்தானி இலக்கியத்தைப் பற்றியும் எழுதிக் குவித்தார். அதே பள்ளியில் பின்னாளில் தமிழ் கற்பித்த ழூலியேன் வேன்சோன் காரைக்காலில் வளர்ந்தவர். இப்னு கல்தூனின் முகத்திமாவைத் தெ ஸ்லான் 1860களில் பிரெஞ்சாக்கிவிட்டார். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1958 ஆயிற்று. கசிமிர்ஸ்கியின் 1860ஆம் ஆண்டு அரபு–பிரெஞ்சு அகராதி பழைய நூல்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஹல்லாஜைப் பற்றி லூயி மாசிஞ்ஞோன் 1922இல் வெளியிட்ட பெருநூலைத் தொடாமல் சூஃபி ஆய்வு நகராது. இஸ்லாமியத் தத்துவ வரலாற்றுக்கு ஆன்றி கோர்பேன் இருக்கிறார். அவரோடு சண்டையிடுவதற்காகவாவது அவரைப் படிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு மிக நெருக்கமான நூல் ஒன்று இருக்கிறது. 1277இல் மறைந்த சிரியா நாட்டு இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபி சட்டத்தின் தாய்நூல்களில் ஒன்று. ஃபத்ஹுல் முஈன் ஓதும் ஆலிமுக்கு அது பழகிய பெயர். டச்சு ஆட்சியின் கீழிருந்த பட்டாவியாவில், வான் டென் பெர்க் என்ற டச்சு அறிஞர் 1882–84இல் அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அரபு மூலமும் அதோடு பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. 1914இல் வந்த ஆங்கில மின்ஹாஜ் இந்தப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்ததே. அதாவது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைப்பது பெயர்ப்பின் பெயர்ப்பு. அரபும் பிரெஞ்சும் ஒருசேர அறிந்த புதுச்சேரி மாணவர் மூலத்தையும் பெயர்ப்பையும் எதிரெதிரே வைத்து, காலனியச் சட்ட அறிஞர் எந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார் என்று வரி வரியாகக் காட்ட முடியும். இது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான வேலை.

அந்தச் சட்டக் கேள்வி இந்த ஊருக்குச் சொந்தக் கேள்வியும்கூட. பிரெஞ்சிந்தியர்கள், கிறித்தவரானாலும் ‘மோர்’ எனப்பட்ட முஸ்லிமானாலும் மற்றவரானாலும், அவரவர் சட்ட வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவார்கள் என்று 1819 சனவரியில் ஆணை வந்தது. உள்ளூர்ச் சட்ட வழக்கம் பற்றி நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல 1827இல் ஒரு குழு அமைந்தது. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, தன் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போக வழி திறந்தது. அப்படிப் போனவர்கள் ‘ரெனோன்சான்’கள். இந்தியாவின் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் சேர்ந்தே வந்தது. ஒரு முஸ்லிம் தன் மார்க்கத்தில் இருந்துகொண்டே தன் மார்க்கத்தின் தனிச்சட்டத்தைத் துறக்க முடியுமா? காஜி என்ன சொன்னார், பிரெஞ்சு நீதிபதி என்ன சொன்னார், ஷாஃபி நூல் என்ன சொல்கிறது? லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. பிரான்சில் எக்ஸ் நகரத்தில் காலனி ஆவணங்கள் இருக்கின்றன. அரபு, பிரெஞ்சு, தமிழ் மூன்றும் தெரியாமல் இந்தக் கேள்விக்குள் நுழையவே முடியாது. மூன்றையும் ஒருவர் கற்கக்கூடிய இடம் இது.

விண்ணப்பக் கட்டுரை எழுதி வரும் மாணவர்கள் என்னிடம் காட்டுவதில் பெரும்பாலும் ஒரே தொடக்கம்தான்: சிறு வயது முதல் இஸ்லாத்தின் மீது பற்று, உலகில் இஸ்லாம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, அதைச் சரிசெய்ய ஆசை. ஆசை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்வுக் குழு தேடுவது ஒரு நூலின் பெயரையும், அந்நூலில் மாணவருக்குப் புரியாத ஓர் இடத்தையும். ‘நான் இந்த நூலின் இந்தப் பகுதியை இந்த உஸ்தாதிடம் ஓதினேன்; இந்தச் சொல்லுக்கு இரண்டு உரைகாரர்கள் இருவிதப் பொருள் சொல்கிறார்கள்; ஏன் என்று அறிய வேண்டும்’ என்று எழுதியவருக்கு இடம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஸனதோடு கூட, ஓதிய நூல்களின் பட்டியலை ஆசிரியர் கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் இல்லாத கல்வியைப் புரியவைக்க அதைவிட நல்ல காகிதம் இல்லை. அந்தப் பட்டியல் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு மாணவரின் விண்ணப்பம் திரும்பிவந்து ஓராண்டு வீணானது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலிமா படிப்பு நடத்தும் பெண்கள் மதரஸாக்கள் இப்போது தமிழகமெங்கும் இருக்கின்றன. அங்கே பாட ஆண்டுகள் குறைவு; ஸர்ஃப், நஹ்வு மேலோட்டமாக முடிந்துவிடுவதும் உண்டு. அவர்களில் பலர் பள்ளிப் படிப்பைச் சரியாக முடித்துவிட்டு வருகிறவர்கள் என்பதால் பல்கலைக்கழக வாசல் அவர்களுக்கு எளிது. நூலின் வாசல்தான் கடினம். ஆண் ஆலிம்களுக்கு நேர்மாறு. அல்ஃபிய்யாவை ஒரு பெண் பிள்ளை முழுக்க ஓத விரும்பினால் எந்தச் சபையில் உட்காருவாள் என்ற கேள்விக்குப் புதுச்சேரி ஜமாஅத்துகள் விடை தேட வேண்டும். தேடினால் கிடைக்கும். பெண் ஹதீஸ் ஆசிரியைகளிடம் ஆண்களே பாடம் கேட்ட மரபு டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் நூற்றாண்டுகள் இருந்தது.

கடந்த சில மாதங்களாக நாங்கள் மூன்று பேர் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மாடியில் கூடுகிறோம். ஒருவர் ஆலிம், ஒருவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து முடித்த பெண், மூன்றாவது நான். மின்ஹாஜின் முதல் பகுதி, தூய்மை பற்றியது. ஆலிம் வாசிக்கிறார், அந்தப் பெண் பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்க்கிறாள், நான் தமிழில் எழுதுகிறேன். தண்ணீர் எவ்வளவு இருந்தால் அழுக்குப் பட்டாலும் தன்மை கெடாதவரை தூய்மை நீங்காது என்ற இடத்தில் ‘குல்லத்தைன்’ என்று வந்தது. குல்லா ஒரு பெரிய ஜாடி. ‘ஐன்’ என்ற ஈறு இருமை. தமிழில் ஒருமை உண்டு, பன்மை உண்டு, இருமை இல்லை. ‘இரண்டு ஜாடிகள்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்து பாக்தாது அளவையில் சுமார் 500 ரத்தல் என்று நவவி சொல்கிறார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர். ஹனஃபிகளுக்குக் கணக்கு வேறு, பத்து முழத்துக்குப் பத்து முழம். ‘அப்படின்னா நம்ம பள்ளி ஹவுளு யார் கணக்குல கட்டினது?’ என்று பள்ளிவாசல் நீர்த்தொட்டியைக் குறித்து அந்தப் பெண் கேட்டாள். ஆலிமுக்கும் தெரியவில்லை. மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கிதாபை மூடி வைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.